அப்பாவின் டபுள் பேரல்: வைத்துக்கொள்வதா, விற்பதா, என்ன விலை பெறும்?

பவானிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். அவர் பேரில் 12 போர் டபுள் பேரல் (இரட்டைக் குழல்) துப்பாக்கி ஒன்று லைசென்ஸில் இருந்தது. அதற்கு முன்னால் தாத்தா பேரில். தோட்டத்தில் பன்றித் தொல்லைக்காக வாங்கியது என்பார்கள். அது வெடித்து நான் கேட்டதில்லை. காரியம் முடிந்ததும் சித்தப்பா சொன்னபடி ஈரோட்டில் ஒரு துப்பாக்கிக் கடையில் டெபாசிட் செய்து ரசீது வாங்கிக்கொண்டோம்.

இப்போது அந்தக் கடைக்காரர், "இதையெல்லாம் யார் தம்பி வாங்கப் போகிறார்கள், நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு தொகை சொல்கிறார். அந்தக் காசுக்கு உருப்படியான செல்போன்கூட வராது. அண்ணன் கொடுத்துத் தொலை என்கிறான். அம்மாவுக்கு மனசில்லை. குழலின் மேல் பட்டையில் பி. ஓர் அண்டு சன்ஸ், மெட்ராஸ் என்று பொறித்திருக்கிறது. இந்த மாதிரி வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கி லட்சக்கணக்கில் போகும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். உண்மையில் என்ன பெறும்? என் பேருக்கு மாற்ற முடியுமா? கட்டையில் (தோளில் வைக்கும் மரப் பகுதி) ஒரு விரிசல் இருக்கிறது, அதைச் சரிசெய்ய ஆள் கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேலத்துக்காரன் எழுதியது:

கொடுத்துவிடாதீர்கள் பங்காளி! பி. ஓர் பெயர் போட்டது என்றால் சும்மாவா. லண்டன் ஏலத்தில் 10 லட்சத்துக்குக் குறையாது.

பழைய இரும்பு எழுதியது:

சேலத்துக்காரரே, ஆசை காட்டாதீர்கள்.

தம்பி, முதலில் அந்தப் பெயரைப் பற்றி. பி. ஓர் என்பது மவுண்ட் ரோடு கடிகாரக் கடை. அந்தக் காலத்தில் துரைமாருக்கும் ஜமீன்களுக்கும் துப்பாக்கியும் விற்றார்கள். ஓக்ஸ் அண்டு கோ என்று இன்னொரு மெட்ராஸ் கடையும் உண்டு. கல்கத்தாவில் மான்டன், ரோடா. (ரோடா கம்பெனிக்கு வந்த 50 மவுசர் பிஸ்டல்களைத்தான் 1914இல் வங்காளப் புரட்சிக்காரர்கள் மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.) இவர்கள் எல்லாம் விற்றவர்கள். செய்தவர் வேறு ஆள். பெரும்பாலும் பர்மிங்காமில் பெயர் தெரியாத பட்டறைகள் செய்து அனுப்பும், இங்கே கடைக்காரர் தன் பெயரைப் பொறிக்கச் சொல்லி வாங்கிக்கொள்வார். ஆகவே மேலே இருக்கும் எழுத்து எந்த ஊரில் விற்றது என்று சொல்லும், அவ்வளவுதான். அதை வைத்து விலை பேச முடியாது.

மேலே இருக்கும் எழுத்தை நம்பி ஏமாந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துப் பட்டறைகள் "டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்" என்று பெயர் போட்டு உலகம் முழுக்க விற்றன. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று நினைத்துக்கொண்டு வாங்குவார்கள். நம் பக்கத்து பங்களாக்களில் "ரிச்சர்ட்ஸ் துப்பாக்கி" என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதில் பாதி இந்த ரகம்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கடைக்குப் போங்கள். நீங்களே தொட வேண்டாம், கடைக்காரரையே திறந்து காட்டச் சொல்லுங்கள். முதலில் இரண்டு அறையும் காலி என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பிறகு முன்கட்டையை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) கழற்றி, குழலைப் பிரித்து, குப்புறத் திருப்பச் சொல்லுங்கள். தோட்டா அறைக்கு அடியில் ஒரு தட்டையான பகுதி இருக்கும். துப்பாக்கியின் ஜாதகம் அங்கேதான் இருக்கிறது. அங்கே குட்டிக் குட்டி முத்திரைகள் அடித்திருப்பார்கள். செல்போனில் வெளிச்சம் போட்டு, சாய்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். இங்கே போடும்போது வரிசை எண்ணை மறைத்துவிடுங்கள், படம் வேண்டாம் என்று நினைத்தால் எழுத்தில் சொல்லுங்கள், போதும்.

கூடவே குழலின் வெளிப்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். ஒரே நிறமாக கருநீலமா, அல்லது பழுப்பில் சுருள் சுருளாக, பாம்புத்தோல் மாதிரி கோலம் தெரிகிறதா? கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி ஒட்டியது. பார்க்க அழகு. ஆனால் கரிமருந்து காலத்துச் சரக்கு, அந்த ஒட்டுகளுக்குள் நூறு வருடத் துரு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது. சுவரில் மாட்டலாம், அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

ஓய்வுபெற்ற எழுத்தர் எழுதியது:

தம்பிக்கு என் அனுதாபங்கள். கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத உரிமக் கோப்புகளைப் பார்த்தவன் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

லைசென்ஸ்தாரர் இறந்தவுடன் அந்த ஆயுதம் வீட்டில் இருக்கக் கூடாது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும். நீங்கள் செய்துவிட்டீர்கள், நல்லது. "அப்பா லைசென்ஸ் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே" என்று பீரோவில் வைத்துக்கொண்டிருந்து வழக்கில் மாட்டியவர்களின் கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பேருக்கு மாற்றுவது என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் அது மாற்றம் இல்லை. வாரிசு என்ற முறையில் உங்களுக்குப் புது லைசென்ஸ். 2016ஆம் வருட ஆயுத விதிகளில் 25ஆவது விதி வாரிசுகளைப் பற்றியது. லைசென்ஸ்தாரர் இறந்தாலும் கேட்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகிவிட்டால், அல்லது அந்த ஆயுதத்தை 25 வருடம் வைத்திருந்தால், அவர் காட்டும் வாரிசுக்குக் கொடுக்கக் கேட்கலாம். வயதான அப்பா உள்ள மற்றவர்கள் இதைக் கவனியுங்கள், இருக்கும்போதே செய்துகொண்டால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

உங்களுக்கு வேண்டியவை: இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகள் எல்லாரிடமிருந்தும் ஆட்சேபணை இல்லை என்ற எழுத்து, அப்பாவின் பழைய லைசென்ஸ் புத்தகம், டெபாசிட் ரசீது, மருத்துவச் சான்று, வீட்டில் பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழி, ஆயுதத்தைக் கையாளும் பயிற்சிச் சான்று. பிறகு போலீஸ் விசாரணை. 21 வயது ஆகியிருக்க வேண்டும். வழக்கு எதுவும் இருக்கக் கூடாது. கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கலெக்டர் மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யலாம். சென்னை, கோவை மாதிரி கமிஷனர் இருக்கும் ஊர்களில் மனுவைக் கமிஷனரிடம் கொடுக்க வேண்டும்.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு ஆயுதம்தான் வைத்திருக்கலாம், அதற்கு முன் மூன்று. வாரிசாக வந்தாலும் இதே கணக்குதான். லைசென்ஸ் காலம் 3 வருடத்திலிருந்து 5 வருடம் ஆகிவிட்டது.

அப்புறம் ஒன்று. டெபாசிட்டில் வைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள். கெடுவுக்குள் திரும்பப் பெறாமலும் விற்காமலும் விட்டால் அரசுக்குப் பறிமுதல் ஆகிவிடும்.

ஏற்காடு காப்பி எழுதியது:

எழுத்தர் ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்தல் வந்தால் எங்கள் பக்கம் எல்லாரும் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஒரு தேர்தலில் என் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்தேன். மழைக்காலம். திரும்பி வரும்போது இரண்டு குழலிலும் செம்மண் பூசின மாதிரி துரு. கேட்டால், கொடுத்தபோதே அப்படித்தான் இருந்தது என்கிறார்கள். ரசீதில் எண் மட்டும்தான் எழுதியிருந்தது, நிலைமை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு நான் கடையில்தான் டெபாசிட் செய்கிறேன். வாடகை கேட்பார்கள், கேட்கட்டும். கொடுக்கும் முன் உள்ளே வெளியே எண்ணெய் துடைத்து, குழலுக்குள் டார்ச் அடித்துப் படம் எடுத்து, ரசீதில் "குழல் உட்புறம் சுத்தமாக உள்ளது" என்று எழுதச் சொல்கிறேன். தோல் உறையிலும் கேன்வாஸ் உறையிலும் போட்டுக் கொடுக்கவே கூடாது. எடுத்துப்போக மட்டும்தான் அந்த உறை. அதில் வைத்தபடியே மாசக்கணக்கில் விட்டால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய காட்டன் வேட்டித் துணியில் லேசாக எண்ணெய் காட்டிச் சுற்றினால் போதும்.

தம்பி, உங்கள் துப்பாக்கி இப்போது கடையில்தானே இருக்கிறது? நாளைக்கே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

பவானிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று போய்ப் பார்த்தேன். கடைக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனாலும் திறந்து காட்டினார். அடியில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

கிரீடம், அதன் கீழே பி.பி. இன்னொரு கிரீடம், பி.வி. இன்னொன்றின் கீழே என்.பி. ஒரு சாய்சதுரத்துக்குள் 12, சி. பக்கத்தில் 2½. இன்னொரு இடத்தில் 1⅛ என்றும் இருக்கிறது. இரண்டு குழலிலும் இதே மாதிரி. கோலம் எதுவும் இல்லை, ஒரே கருப்பு, வாய்ப்பக்கம் தேய்ந்து வெள்ளை தெரிகிறது. வெளியே தெரிகிற சுத்தி (குதிரை) இல்லை. திறந்தால் தோட்டா தெறித்து வெளியே வராது, கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், கையால்தான் எடுக்க வேண்டும் என்றார். இடது குழலில் நடுவுக்குச் சற்று மேலே ஒரு சின்ன நெளிவு கைக்குத் தட்டுகிறது. விரிசல் கைப்பிடியில், ஆக்‌ஷன் (சுடும் இயந்திரம் உள்ள இரும்புப் பகுதி) உள்ளே போகும் இடத்திலிருந்து ஆரம்பித்து இரண்டு அங்குலம் ஓடுகிறது. அந்த இடத்து மரமே கருப்பாக இருக்கிறது.

பழைய இரும்பு எழுதியது:

சபாஷ். நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள்.

பி.பி., பி.வி. இரண்டும் பர்மிங்காம் புரூஃப் ஹவுஸ் முத்திரை. 1813இலிருந்து அந்த ஊரில் துப்பாக்கிகளை அளவுக்கு மீறிய மருந்து போட்டு வெடித்துப் பார்த்துத்தான் விற்க விடுவார்கள். தாங்கினால் முத்திரை, வெடித்தால் குப்பை. என்.பி. என்றால் புகையில்லா மருந்துக்கும் சோதித்தது, இது முக்கியம். சாய்சதுரத்துக்குள் 12 சி என்பது தோட்டா அறையின் விட்டம். 2½ என்பது அறையின் நீளம், அங்குலத்தில். 1⅛ என்பது அதிகபட்சம் எத்தனை அவுன்ஸ் ஈய ரவை தாங்கும் என்பது. அறை நீளத்தையும் ரவை எடையையும் இப்படிச் சேர்த்துப் போடுவது 1925 விதிகளுக்குப் பிறகு. 1954க்குப் பிறகு என்.பி. போய் பி.என்.பி. வந்தது, கூடவே டன் கணக்கில் அழுத்தமும் போட்டார்கள். ஆக உங்கள் துப்பாக்கி அந்த இரண்டு வருடங்களுக்கும் நடுவில் பிறந்தது. எஃகுக் குழல், பர்மிங்காம், பாக்ஸ்லாக் (சுடும் இயந்திரம் பெட்டிக்குள்ளேயே இருக்கும் எளிய வகை), எஜெக்டர் (தோட்டாவைத் தெறித்து வெளியே தள்ளும் அமைப்பு) இல்லாதது. தோட்டத்துக்காரர்களுக்கென்றே செய்து அனுப்பிய நேர்மையான உழைப்பாளி. ராஜா வீட்டுத் துப்பாக்கி இல்லை.

இப்போது 2½ என்பதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள், இதில்தான் ஆட்கள் விரலை இழக்கிறார்கள். 2½ அங்குல அறையைக் கடைப்பேச்சில் 65 மில்லிமீட்டர் என்பார்கள். இன்று கடையில் கிடைக்கும் சக்திமான் தோட்டா 65லும் வருகிறது, 70லும் வருகிறது. பெட்டியில் இருக்கும் அந்த நீளம் தோட்டா வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்காத 70 தோட்டாவின் வாய் மடங்கியிருப்பதால் அது 65 அறைக்குள் சுகமாக உட்காரும், துப்பாக்கியும் மூடும். "பொருந்துதே" என்று சுடுவார்கள். விரியும்போது மடிப்புக்கு இடம் இல்லாமல் குழலின் குறுகலுக்குள் போய் நெருக்கும், அழுத்தம் ஏறும். ஒரு தடவை, பத்துத் தடவை தாங்கலாம். ஆக்‌ஷன் தளர்வது அப்படித்தான் ஆரம்பிக்கும். உங்கள் துப்பாக்கிக்கு 65 மட்டும்தான்.

அடுத்த தடவை போகும்போது இன்னும் மூன்று சோதனை. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியைக் கைப்பிடியில் பிடித்து லேசாக ஆட்டச் சொல்லுங்கள். குழல் கடகடவென்று ஆடினால் தளர்ந்துவிட்டது. மூடியபடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் பின்முகமும் ஆக்‌ஷனும் சேரும் இடத்தைப் பாருங்கள், வெளிச்சக் கோடு தெரியக் கூடாது. கடைசியாக, குழலை மட்டும் கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டச் சொல்லுங்கள். கணீரென்று மணி மாதிரி ஓசை நீண்டால் இரண்டு குழலையும் சேர்க்கும் நடுப்பட்டையின் ஈயப்பற்று உறுதி. டொக் என்று செத்த ஓசை வந்தால் எங்கோ விட்டிருக்கிறது.

நெளிவைக் கண்டு பயப்பட வேண்டாம். உள்ளே தள்ளிய பள்ளமாக இருந்தால் தெரிந்த ஆள் எடுத்துவிடுவார். வெளியே புடைத்த வீக்கமாக இருந்தால் கதை வேறு, குழலுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு சுட்டிருக்கிறார்கள். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் வளையமாக நிழல் தெரியும். அப்படி என்றால் சுடுவதை மறந்துவிடுங்கள்.

பர்மிங்காம் பாலா எழுதியது:

லண்டன் ஏலம் என்று ஒருவர் சொன்னதால் இங்கிருந்து எழுதுகிறேன். இங்கே ஏலத்தில் லட்சங்களுக்குப் போவது பர்டி, ஹாலண்டு, பாஸ் மாதிரி பெரிய பெயர்களின் சைடுலாக் (சுடும் இயந்திரம் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கும் வகை) துப்பாக்கிகள், அதுவும் குழல் சுவர் கனம் குறையாமல், மரம் மாற்றாமல், பெட்டியோடு இருந்தால். பவானிக்கரை சொல்லும் மாதிரி எஜெக்டர் இல்லாத பர்மிங்காம் பாக்ஸ்லாக் இங்கே கேட்பாரற்றுக் கிடக்கிறது. சில நூறு பவுண்டு வந்தாலே ஆச்சரியம், பல சமயம் அதுவும் வராது. இங்கே எல்லாரும் 70 அறை உள்ள, ஒன்றன் மேல் ஒன்றாகக் குழல் வைத்த இத்தாலித் துப்பாக்கிக்கு மாறிவிட்டார்கள்.

அதோடு இந்தியாவிலிருந்து இதை அனுப்புவதற்கே தனி உரிமம் வேண்டும். செலவு துப்பாக்கி விலையைத் தாண்டிவிடும். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

சேலத்துக்காரன் எழுதியது:

சரி சரி, 10 லட்சம் வாபஸ். ஆனால் என் மாமா வைத்திருக்கும் வால்தர் பிஸ்டலை 5 லட்சத்துக்கும் மேலே கேட்டார்களே, அது எப்படி? அதுவும் பழசுதானே?

பழைய இரும்பு எழுதியது:

நல்ல கேள்வி. நம் நாட்டில் துப்பாக்கி விலைக்கும் துப்பாக்கியின் தரத்துக்கும் சம்பந்தம் குறைவு. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். பெயர் பெற்ற போட்டி வீரர்கள் போன்ற சிலருக்குத்தான் அனுமதி. ஆகவே அதற்கு முன் உள்ளே வந்த வெளிநாட்டுப் பிஸ்டல், ரிவால்வர்தான் மொத்தச் சரக்கும். ஒன்று கெட்டால் ஒன்று குறையும், கூடாது. லைசென்ஸ் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தற்காப்பு என்று கேட்கிறார்கள், இடுப்பில் வைக்கிற மாதிரி வேண்டும் என்கிறார்கள். வெளிநாட்டில் பழைய சாமான் விலைக்குப் போகும் வால்தருக்கு இங்கே அந்த விலை வருவது இதனால்தான்.

டபுள் பேரலுக்கு நிலைமை தலைகீழ். வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு போயிற்று. இரண்டு ஆயுதம்தான் என்று ஆனதும், மூன்று வைத்திருந்தவர்கள் எதைக் கழித்தார்கள்? பிஸ்டலையா கழிப்பார்கள், நீளமானதைத்தான் கழித்தார்கள். கடைகளில் போய்ப் பாருங்கள், மூலையில் அடுக்கியிருக்கும். அதனால் உங்கள் கடைக்காரர் சொன்ன "யார் வாங்குவார்கள்" என்பது பொய் இல்லை தம்பி. ஆனால் முழு உண்மையும் இல்லை.

முழு உண்மை இது: அவரிடம்தான் விற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. டெபாசிட் செய்தவருக்கு, சட்டப்படி வைத்திருக்கத் தகுதியுள்ள யாருக்கும் விற்று அந்தப் பணத்தைப் பெற உரிமை உண்டு. வாங்குவதற்கு அனுமதி வைத்துக்கொண்டு 12 போர் தேடும் ஆள் யாராவது இருப்பார், குறிப்பாகத் தோட்டக்காரர்கள். இரண்டு மூன்று ஊர்க் கடைகளில் முத்திரை விவரத்தைச் சொல்லி விலை கேளுங்கள். பீகாரின் முங்கேரிலோ ஜம்முவிலோ செய்த இந்தியத் தனியார் துப்பாக்கிக்குச் சொல்லும் விலையையும், இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலைத் துப்பாக்கிக்குச் சொல்லும் விலையையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது குழல் நன்றாக இருந்தால் இரண்டுக்கும் மேலே நிற்க வேண்டும். இல்லை என்றால் கடைக்காரர் காரணம் சொல்லட்டும்.

மேட்டூர் லேத் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். என்னிடம் லேத் பட்டறை இருக்கிறது. இந்தக் குழல் நெளிவு, தளர்ச்சி இதெல்லாம் நாங்களே சரிசெய்ய முடியாதா? புதுக் குழலே கடைந்து போட்டால் என்ன? நீளமும் ஒரு அடி குறைத்தால் வீட்டுக்குள் வைக்க வசதியாக இருக்குமே.

ஓய்வுபெற்ற எழுத்தர் எழுதியது:

ஐயா, தயவுசெய்து வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதற்கு 2019க்குப் பிறகு குறைந்தபட்சமே 7 வருடம், அதிகபட்சம் ஆயுள். துப்பாக்கி லைசென்ஸ் என்பது வைத்திருப்பதற்கு, செய்வதற்கோ பழுது பார்ப்பதற்கோ அல்ல. அதற்குத் தனி உரிமம் உண்டு. குழலை வெட்டிக் குட்டையாக்குவதும் தனிக் குற்றம், 6ஆம் பிரிவு. உங்கள் பட்டறைக்கு ஒருவர் குழலைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

பழைய இரும்பு எழுதியது:

சட்டத்தை விடுங்கள், பட்டறைக்காரராகவே யோசியுங்கள். அந்தக் குழல் சுவர் நடுப்பகுதியில் மிக மெல்லியது. கடைந்தவர் கணக்கை முத்திரை அடித்தவர் சோதித்தார். நீங்கள் கடைந்ததை யார் சோதிப்பார்? கன்னத்துக்குப் பக்கத்தில் வெடிக்கிற சாமான் அது. மலைக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி வெடித்துக் கண் போனவர்களை மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள்.

கட்டை விஷயம் வேறு, அது மரவேலை. அதையும் பழுது உரிமம் உள்ள கடை வழியாகத்தான் செய்ய வேண்டும், ஆனால் செய்யக்கூடியது. தம்பி சொன்ன அந்தக் கருப்பு மரம், எண்ணெய் குடித்த மரம். தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கியை வாய் மேலே பார்க்க நிறுத்தி வைத்து, ஆக்‌ஷனுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பார்கள். எண்ணெய் கீழே இறங்கி, கட்டையின் தலைக்குள் ஊறி, மரத்தைப் பஞ்சாக்கிவிடும். பஞ்சான மரம் ஒவ்வொரு உதைக்கும் கொஞ்சம் நசுங்கும், பிறகு விரியும். அதுதான் அந்த இரண்டு அங்குலம். அதன் மேல் ஃபெவிகால் போட்டால் ஒட்டவே ஒட்டாது. முதலில் எண்ணெயை வெளியே இழுக்க வேண்டும், சுண்ணக்கட்டிப் பொடியைக் குழைத்து அப்பி, காயவிட்டு, உதிர்த்து, மறுபடி அப்பி, நிறம் வெளுக்கும் வரை. பிறகுதான் பசை. பொறுமை உள்ள ஆசாரி வேண்டும்.

புதுக் கட்டையே போடுவது என்றால் காஷ்மீர் வால்நட் கேளுங்கள். நம் பக்கம் தோதகத்தியிலும் (ஈட்டி மரம்) தேக்கிலும் போட்டுத் தருவார்கள். தோதகத்தி பார்க்கக் கம்பீரம், ஆனால் எடை பின்னால் இழுக்கும், துப்பாக்கி தோளுக்கு வர மறுக்கும். தேக்கு கைப்பிடியில் நார் வாக்கில் பிளக்கும். வால்நட் உதையைத் தாங்கும், கனமும் இல்லை. ஆனால் பழைய கட்டை போனால் விலையும் கொஞ்சம் போகும், முடிந்தவரை பழையதையே காப்பாற்றுங்கள். இனிமேல் வைக்கும்போது வாய் கீழே பார்க்க, துணி மேல் நிறுத்தி வையுங்கள்.

ஏற்காடு காப்பி எழுதியது:

பன்றிக்காக வைத்துக்கொள்ளலாம் என்று தம்பி நினைத்தால் அதையும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸில் பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதியிருந்தாலும் பன்றியைச் சுட நமக்கு அதிகாரம் இல்லை. கேரளாவில் 2022இலிருந்து பஞ்சாயத்துத் தலைவர் அனுமதித்தால் லைசென்ஸ்தாரர் சுடலாம். இங்கே 2025இல் வந்த ஆணைப்படி காட்டெல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் வனத்துறை ஆட்கள் சுடுவார்கள், நாம் இல்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்து விரட்டலாம், அதற்குப் பட்டாசே போதும். மைசூர் பக்கம் குடகுக்காரர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது, அவர்களுக்கு லைசென்ஸே வேண்டாம்.

பத்துமீட்டர் எழுதியது:

சுட ஆசை என்றால் இவ்வளவு அலைச்சல் வேண்டாம், ரைஃபிள் கிளப்பில் சேருங்கள் என்பேன். 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் என்றால் லைசென்ஸ் தேவையில்லை. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் நாளே வால்தர், ஃபைன்வெர்க்பாவ் மாதிரி ஜெர்மன் ரைஃபிள் விலை கேட்கிறார்கள். ஆரம்பத்தில் இந்தியத் தயாரிப்பு பிரீசிஹோல் போதும், அதற்கு முன்னால் கிளப் ரைஃபிளில் சில மாதம் சுட்டு, உங்கள் கன்னமும் தோளும் எந்த நீளத்துக்குப் பழகுகின்றன என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். 10 மீட்டர் தூரத்தில் அரை மில்லிமீட்டர் புள்ளிதான் பத்து மதிப்பெண். ரைஃபிள் விலை அந்தப் புள்ளியைப் பெரிதாக்காது. கட்டை உடம்புக்குப் பொருந்தாவிட்டால் எந்த பிராண்டும் உதவாது.

டபுள் பேரலைக் கொண்டு டிராப் (பறக்கும் களிமண் தட்டைச் சுடும்) போட்டியில் இறங்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இப்போது எல்லாரும் மேல்கீழ்க் குழல், 24 கிராம் தோட்டா, 70 அறை. தாத்தாவின் துப்பாக்கியை அதற்குள் இழுக்காதீர்கள்.

பவானிக்கரை எழுதியது:

மறுபடி போய் வந்தேன். ஆட்டினால் ஆடவில்லை, வெளிச்சமும் தெரியவில்லை. தட்டினால் நன்றாக மணி ஓசை வந்தது, கடைக்காரரே "நல்ல சரக்குதான்" என்றார். நெளிவு உள்பக்கம் தள்ளியதுதான். கோவையிலும் சேலத்திலும் போனில் கேட்டேன். முத்திரை விவரம் சொன்னதும், இவர் சொன்னதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஒருவர் சொன்னார், அதுவும் நேரில் பார்க்காமலே. அதைக் கேட்டதும் இவரும் ஏற்றிவிட்டார்.

ஆனால் அம்மா இருக்கட்டும் என்கிறார், எனக்கும் அதே எண்ணம். அண்ணன் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டான், அவன் பங்குக்கு நான் பணம் தர வேண்டுமாம். இந்த வாரம் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றுக்கு மனு போடுகிறேன். எழுத்தர் ஐயா, விண்ணப்பம் போடும் முன் வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற எழுத்தர் எழுதியது:

ஒன்று இருக்கிறது, பலர் மாட்டுவது இதில்தான். லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியிருக்கும் ஆயுத எண்ணும் துப்பாக்கியில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பழைய துப்பாக்கிகளில் பேட்டன்ட் எண் ஒன்று, தயாரித்தவர் எண் ஒன்று என்று இருக்கும். தாத்தா காலத்து எழுத்தர் பேட்டன்ட் எண்ணை ஆயுத எண் என்று எழுதி வைத்திருப்பார், அதுவே நாற்பது வருடம் ஓடியிருக்கும். சில இடத்தில் 1ஐ 7 என்று நகலெடுத்திருப்பார்கள். குழலிலும் ஆக்‌ஷனிலும் முன்கட்டை இரும்பிலும் ஒரே எண் திரும்ப வந்தால் அதுதான் ஆயுத எண்.

வேறுபாடு இருந்தால் இப்போதே கடைக்காரரிடம் லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள், எந்த எண் எங்கே இருக்கிறது என்று. அதை மனுவோடு சேர்த்துத் திருத்தம் கேளுங்கள். அப்பா லைசென்ஸுக்கு யூ.ஐ.என். (லைசென்ஸ்தாரருக்குத் தரும் தனி அடையாள எண்) ஏறியிருக்கிறதா என்றும் புத்தகத்தில் பாருங்கள், இல்லையென்றால் முதலில் அந்தப் பிரிவில் விசாரித்துவிட்டு மனு போடுங்கள்.

பவானிக்கரை எழுதியது:

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன் ஐயா. யூ.ஐ.என். இருக்கிறது. எண்ணில் கடைசி இலக்கம் புத்தகத்தில் 7, நான் எடுத்த படத்தில் 1 மாதிரித் தெரிகிறது. திங்கட்கிழமை பூதக்கண்ணாடியோடு கடைக்குப் போகிறேன்.